பாட்டில் பாலில் இருக்கும் அந்த 407

கேள்வி: வீட்டிலிருந்தே பாதாம் பாலும் சாக்லேட் பாலும் தயாரித்து, பாட்டிலில் அடைத்து, பக்கத்து அலுவலகங்களுக்கும் இரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறேன். மறுநாளே அடியில் வண்டல் மாதிரி தங்கிவிடுகிறது. கம்பெனி பாட்டிலில் அப்படி இல்லையே என்று லேபிளைப் பார்த்தேன். ‘நிலைநிறுத்தி (407)’ என்று போட்டிருந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் என் அண்ணன், “அது கராஜீனன், கடல்பாசியிலிருந்து எடுப்பது” என்றார். ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டு அக்கா செய்து தரும் கடல்பாசிதானா இது? நாங்கள் சைவம், ஜெலட்டின் மாதிரி எலும்பு சமாச்சாரம் ஏதாவது கலந்திருக்குமா? 407 புற்றுநோய் தரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது. நான் பயன்படுத்தலாமா? என் ஆறு வயது மகன் ஜெல்லி கப் நிறையச் சாப்பிடுகிறான். அதிலும் இதே எண்தான். பரவாயில்லையா?
– வாசகி, மதுரை

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விகளில் எளிதானதை முதலில் முடித்துவிடலாம். கராஜீனன் தாவர வகைப் பொருள்தான், சைவம். கடலில் வளரும் சில சிவப்புப் பாசிகளை வெயிலில் காயவைத்து, காரக் கரைசலில் வேகவைத்து, வடிகட்டி, பொட்டாசியம் உப்பாலோ ஆல்கஹாலாலோ திரட்டி, உலர்த்தி அரைத்தால் வெளிர்மஞ்சளாக ஒரு தூள் கிடைக்கும். அதுதான் இது. எலும்பு, தோல் எதற்கும் இதில் வேலை இல்லை. ஜெலட்டின் வேறு. அதைச் சேர்த்த பொருளின் உறையில் பச்சைப் புள்ளி இருக்கக் கூடாது. அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம்தான் இருக்க வேண்டும். கராஜீனனைப் பாசியிலிருந்து முழுதாகப் பிரித்தெடுக்காமல், வேகவைத்த பாசியையே கழுவி அரைத்து விற்பதும் உண்டு. அதற்கு 407ஏ என்று தனி எண். இரண்டும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான்.

இந்தப் பாசி நம் ஊர்க் கடலிலும் விளைகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையோரம் போனால் மூங்கில் தெப்பங்கள் மிதப்பதைப் பார்க்கலாம். தெப்பத்தின் குறுக்கே கட்டிய கயிறுகளில் தடித்த, வழுவழுப்பான கொத்துகள் தொங்கும். கப்பாஃபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சுமார் 45 நாளில் அறுத்துவிடலாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி பெப்சி நிறுவனம் இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்க ஆரம்பித்ததால் ஊர்க்காரர்களுக்கு அது ‘பெப்சி பாசி’ ஆகிவிட்டது. சில வருடங்களில் நிறுவனம் விலகிக்கொண்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலும் மகளிர் குழுக்கள்தான் இதை வளர்க்கின்றன. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் இதில் ஒரு பிரச்சினையும் உண்டு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவை ஒட்டிய பவளப்பாறைகள்மேல் இது படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008-லேயே பதிவு செய்தார்கள். குடும்பங்களுக்கு வருமானம் ஒரு பக்கம், பவளத்துக்கு ஆபத்து இன்னொரு பக்கம் என்று அந்தச் சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை.

சரி, பக்கத்து வீட்டு அக்காவின் கடல்பாசி? அது அகர் அகர். கடையில் சைனா கிராஸ் என்று வெள்ளை நாராகக் கட்டி விற்பார்கள். லேபிளில் அதன் எண் 406. அதுவும் சிவப்புப் பாசிதான், ஆனால் வேறு இனங்கள். நம் கடற்கரையில் கிடைக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகருக்குப் போகிறவை. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறிக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

அகரின் குணம் வேறு. கொதிக்க வைத்தால்தான் கரையும், நாற்பது டிகிரிக்குக் கீழே ஆறினால் உறையும், ஒருமுறை உறைந்துவிட்டால் எண்பது டிகிரியைத் தாண்டும்வரை இளகாது. அதனால்தான் நோன்பு திறக்கும் தட்டில் வைத்த கடல்பாசித் துண்டு மதுரை வெயிலிலும் அப்படியே நிற்கிறது. கோக்கோத் தூளைப் பாலில் மிதக்க வைக்க மட்டும் அது லாயக்கில்லை. கொஞ்சம் போட்டால் பயன் இருக்காது, கூடுதலாகப் போட்டால் பால் கட்டியாகிவிடும். கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் மரத்துப் பிசின். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தக் குடும்பத்தில் மூன்றாவது ஆள் ஆல்ஜினேட். பழுப்புப் பாசியிலிருந்து வருவது, நம் கடலில் கட்டக்கோரை அதற்குப் பயன்படுகிறது. பல் மருத்துவர் அச்செடுக்க வாயில் வைக்கும் களி இருக்கிறதே, அது இதுதான். உங்கள் வேலைக்குத் தேவைப்படாது.

இனி விஷயத்துக்கு வருவோம். கம்பெனி சாக்லேட் பாலில் ஏன் அடியில் தங்குவதில்லை? கோக்கோத் தூள் பாலில் கரைவதே இல்லை. எவ்வளவு நைசாக அரைத்தாலும் துகள் துகள்தான், நேரமானால் கீழே போய்விடும். கராஜீனனில் கப்பா, அயோட்டா, லாம்டா என்று மூன்று முக்கிய வகைகள் உண்டு. கப்பா வகை பொட்டாசியத்தோடு சேர்ந்தால் கெட்டியான, நறுக்கென்று உடையும் ஜெல்லியாகும். அயோட்டா கால்சியத்தோடு சேர்ந்து இளக்கமாக, ரப்பர் போல வளையும். லாம்டா உறையவே உறையாது, குழகுழவென்று கெட்டிப்படுத்துவதோடு சரி. பால் பானத்துக்குப் பெரும்பாலும் கப்பாதான்.

கப்பாவுக்கும் பாலுக்கும் விசேஷமான பொருத்தம் ஒன்று உண்டு. கராஜீனன் சங்கிலியில் சல்பேட் தொகுதிகள் வரிசையாக இருப்பதால் அது எதிர்மின்னூட்டம் கொண்டது. பாலின் முக்கியப் புரதமான கேசினில் நேர்மின்னூட்டம் உள்ள பகுதிகள் இருக்கின்றன. காய்ச்சிய பால் ஆறும்போது இரண்டும் பிடித்துக்கொண்டு பால் முழுக்க மிக மெல்லிய ஒரு வலை பின்னிவிடும். ஊற்றினால் அறுந்து பால் போலவே ஓடும், நிற்க வைத்தால் மறுபடி கூடும். கோக்கோத் துகள் அந்த வலையில் சிக்கி நிற்கிறது, அவ்வளவுதான். இதற்கு வேண்டிய அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு லிட்டர் பாலுக்கு 0.2 முதல் 0.3 கிராம். இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைகூட இதைத் தாண்டிவிடலாம். ஐஸ்கிரீமில் இன்னும் குறைவு. அங்கே இதன் வேலை, மற்ற பசைகள் பால் புரதத்தைப் பிரித்துத் தண்ணீர் விடவைக்காமல் பார்த்துக்கொள்வது. பற்பசையிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் பூனை, நாய் உணவிலும் இதே பொருள் இருக்கிறது.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். அதில் பொய்யைவிடக் குழப்பம்தான் அதிகம். கராஜீனனைக் கடுமையான அமிலத்தில், அதிக சூட்டில், மணிக்கணக்கில் போட்டு உடைத்தால் சங்கிலி துண்டு துண்டாகி வேறொரு பொருள் கிடைக்கும். அதற்கு பாலிஜீனன் என்று பெயர். ஆய்வக விலங்குகளின் குடலில் புண்ணையும் கட்டியையும் உண்டாக்கியது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1980-களில் அந்த உடைந்த வடிவத்தை ‘மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. உணவில் சேர்க்கும் உடையாத கராஜீனனை, அப்படி வகைப்படுத்த ஆதாரம் இல்லாத 3ஆம் பிரிவில் வைத்தது. பகிரப்படும் செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

இரண்டாவது குழப்பத்தை உங்கள் அண்ணனிடமே கேட்டுப் பாருங்கள். மருந்தியல் படித்தவர்களுக்கு எலியின் பாதத்தில் கராஜீனன் ஊசி போடும் சோதனை தெரிந்திருக்கும். ஊசி போட்டதும் பாதம் வீங்கும். வீக்கம் குறைக்கும் மருந்தைக் கொடுத்து அது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பார்கள். 1960-களிலிருந்து உலகம் முழுக்க நடக்கும் சோதனை இது. ‘கராஜீனன் வீக்கம் உண்டாக்கும்’ என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாக இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. தோலுக்கடியில் ஊசியாகப் போவதும் வாய்வழியாகக் குடலுக்குப் போவதும் ஒன்றல்ல. குடித்தால் தெம்பு தரும் பாலைக்கூட ஊசியில் ஏற்றினால் ஆபத்துதானே?

அதற்காகக் கேள்வியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் மறுபடி ஆராய்ந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று ஒரு தற்காலிக வரம்பு வைத்தது. கூடுதல் தரவுகள் வேண்டும் என்று கேட்டதால்தான் ‘தற்காலிக’ என்ற சொல். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மகன் இருபது கிலோ என்றால் வரம்பு 1,500 மில்லிகிராம். லிட்டருக்கு 0.3 கிராம் சேர்த்த சாக்லேட் பால் 200 மில்லி குடித்தால் உள்ளே போவது 60 மில்லிகிராம். அந்த பாட்டிலைப் பற்றி என்னைக் கேட்டால், கராஜீனனைவிட அதிலுள்ள சர்க்கரைதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் ஒரு சாராரை நான் தனியாகச் சொல்வேன். பெருங்குடல் புண் நோய் அடங்கியிருந்த 12 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், கராஜீனன் மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்கு நோய் திரும்பியது, எடுக்காதவர்களுக்குத் திரும்பவில்லை. இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாது. இருந்தாலும் குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. உங்கள் வாடிக்கையாளரில் அப்படி ஒருவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கைக்குழந்தைகளுக்கு இந்த மாதிரி பானங்களே வேண்டாம், 407 இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது உங்கள் தொழில். பாதாம் பாலுக்கு கராஜீனன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் பாட்டிலின் அடியில் தங்குவது பெரும்பாலும் அரைபடாத பாதாம் பருப்பு. வண்டலை ஒரு ஸ்பூனில் எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள், ரவை மாதிரி நெருடும். அவ்வளவு கனமான துகளை அந்த மெல்லிய வலை தாங்காது. தாங்க வைக்கும் அளவுக்கு கராஜீனன் போட்டால் பால் கொழகொழத்துவிடும். பாதாமை இரவே ஊறவைத்து, தோலுரித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் விட்டு மைய அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அப்புறமும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’ என்று பாட்டிலில் ஒட்டிவிடுங்கள். வீட்டுத் தயாரிப்பு என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு அந்த வரி ஒரு குறையாகவே படாது.

சாக்லேட் பாலுக்கு வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். சிக்கல் அளவில்தான். 0.25 கிராமைக் காட்டும் தராசு சமையலறையில் இருக்காது. அதனால் 5 கிராம் கராஜீனனை 95 கிராம் பொடித்த சர்க்கரையோடு சேர்த்து, நான்கைந்து முறை சலித்துக் கலந்து, ஈரம் படாமல் டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவையில் 5 கிராம் எடுத்தால் ஒரு லிட்டருக்கு வேண்டிய 0.25 கிராம் வந்துவிடும். சர்க்கரையோடு கலப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தூளைத் தனியாகப் பாலில் தூவினால், குறிப்பாகச் சூடான பாலில் தூவினால், வெளியே வழுக்கலும் உள்ளே உலர்ந்த மாவுமாகச் சின்னச் சின்ன முண்டுகள் உருண்டுவிடும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கிளறினாலும் கரையாது. சர்க்கரை நடுவில் இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நனையும்.

ஆக, கலவையையும் கோக்கோவையும் மீதிச் சர்க்கரையையும் உலர்வாகவே கலந்து, ஆறிய பாலில் தூவி மத்தால் நன்றாகக் கடைந்து, பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கிளறிக்கொண்டே ஒரு கொதி வரட்டும். எண்பது டிகிரி தாண்டினால்தான் கராஜீனன் முழுக்கக் கரையும். இறக்கியதும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, மெதுவாகக் கிளறியபடி நன்றாகக் குளிரவைத்துவிட்டுப் பாட்டிலில் ஊற்றுங்கள். சூடாக ஊற்றி அசையாமல் ஆறவிட்டால் உள்ளேயே இளம் ஜெல்லியாக உறைந்து, ஊற்றும்போது திட்டுத்திட்டாக விழும். மறுநாள் ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். திட்டுகள் தெரிந்தால் அடுத்த தடவை கலவையில் ஒரு கிராம் குறையுங்கள். அடியில் கோக்கோ தங்கியிருந்தால் ஒரு கிராம் கூட்டுங்கள். ஒவ்வொரு கம்பெனித் தூளின் வலுவும் வேறு வேறு என்பதால் நான் சொன்ன அளவு ஆரம்பம்தான். வாங்கும்போதே ‘பாலுக்கான கப்பா, உணவுத்தரம்’ என்று கேட்டு, தரச்சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்புப் பொருள் கடையில் லேபிள் இல்லாமல் பொட்டலம் கட்டித் தருவதை வாங்க வேண்டாம். லஸ்ஸி, மோர், எலுமிச்சை சேர்ந்த எதிலும் இதைப் போட்டுக் காய்ச்சாதீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இதன் வலு போய்விடும்.

கராஜீனன் பாலைக் கெடாமல் காக்காது என்பதையும் மனதில் வையுங்கள். நிலைநிறுத்தி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அப்படி நினைக்கிறவர்கள் உண்டு. வண்டல் இல்லாமல் பளிச்சென்று நிற்கும் பால்கூடக் கெட்டுப்போயிருக்கலாம். கம்பெனி பாட்டில் வெளியில் வைத்தும் மாதக்கணக்கில் நிற்பது உயர் வெப்பத்தில் கிருமி நீக்கி அடைப்பதால். 407க்கு அதில் பங்கில்லை. உங்கள் பால் நான்கு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் விற்றுத் தீர வேண்டும். கடைக்காரரின் ஃபிரிட்ஜ் இரவில் அணைக்கப்படுகிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். கராஜீனன் சேர்த்தால் லேபிளில் ‘நிலைநிறுத்தி (ஐ.என்.எஸ். 407)’ என்று எழுதிவிடுங்கள். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் முறை. அப்படி எழுத வேண்டும் என்பது சட்டம்.

கடைசியாக, உங்கள் மகனின் ஜெல்லி கப். நீங்கள் எழுதியதிலேயே என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், ஆனால் காரணம் வேறு. ஜெல்லியில் கராஜீனன் அளவு பாலைவிடப் பல மடங்கு அதிகம், நூறு கிராமுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும். நிறையச் சாப்பிடுகிற பிள்ளை என்றால் மேலே போட்ட கணக்கில் வரம்பை நெருங்கலாம், அதனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அதைவிட முக்கியமானது கப்பின் வடிவம். ஒரே வாயில் உறிஞ்சிக்கொள்ளும் அளவில் இருக்கும் அந்தச் சின்னக் கப்புகளில் உள்ள ஜெல்லி, ஜெலட்டின் போல வாய்ச் சூட்டில் இளகாது. உறிஞ்சும் வேகத்தில் தொண்டையில் போய் அடைத்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும். பல நாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-ல் இந்த வகைச் சின்ன ஜெல்லி கப்புகளில் கராஜீனன், அகர், ஆல்ஜினேட் உள்ளிட்ட பசைகளைச் சேர்ப்பதையே தடை செய்தது. நம் பெட்டிக்கடைகளில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. ஜெல்லிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வீட்டிலேயே சைனா கிராஸில் தட்டையாக ஊற்றி, சின்னத் துண்டுகளாக நறுக்கி, உட்கார வைத்து ஸ்பூனால் கொடுங்கள். கடைக் கப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் கிண்ணத்தில் கவிழ்த்து நான்காக வெட்டிக் கொடுங்கள். கப்பை அப்படியே அவன் கையில் கொடுக்காதீர்கள், ஓடி விளையாடும்போது வாயில் எதுவும் வேண்டாம்.